ஒரு பதிவுக்காகப் போலீஸ் அழைத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2012 நவம்பரில் சிவசேனா கட்சித் தலைவர் பால் தாக்கரே இறந்தபோது மும்பை முழுக்கக் கடைகள் மூடப்பட்டன. எதற்காக இப்படி மூட வேண்டும் என்று மும்பைக்கு அருகே பால்கரில் ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். தோழி அதற்கு லைக் போட்டார். இரண்டு பேரும் கைது. சில வாரங்களுக்கு முன்புதான் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபர், அரசியல்வாதி ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகக் கைதாகியிருந்தார். இரண்டு வழக்கிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இருந்தது.

எரிச்சல், தொந்தரவு என்று எல்லையே இல்லாத சொற்களை வைத்து மூன்று ஆண்டு வரை சிறைக்கு அனுப்ப வழிவிட்ட பிரிவு அது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முழுவதுமாக ரத்து செய்தது. கருத்துச் சுதந்திரத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய தீர்ப்புகளில் ஒன்று.

ரத்தான பிரிவில் இனி வழக்கு வராது என்று நம்பிவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. தீர்ப்பு வந்து ஆறு ஆண்டு கழித்தும் பல மாநிலங்களில் 66ஏ-இல் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்ததை பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னது. 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதனால் வழக்கு என்றதும் பதறாமல் எஃப்.ஐ.ஆர் நகலை வாங்கி, எந்தப் பிரிவு என்று பாருங்கள். சில வகை வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறைந்தவர் புலன்விசாரணை செய்ய முடியாது.

66ஏ போய்விட்டது, இனி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைப்பதும் தவறுதான். அவதூறு, பகைமை மூட்டுவது, ஆபாசம் ஆகியவற்றுக்கான பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. 'நான் எழுதவில்லை, ஃபார்வர்டுதான் செய்தேன்' என்பதும் காப்பாற்றாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு பதிவை 2018-இல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர் இதைத்தான் சொல்லிப் பார்த்தார். பகிர்ந்தவரும் பொறுப்பாளிதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

சரி, 'கொஞ்சம் ஸ்டேஷனுக்கு வாங்க' என்று போன் வருகிறது. உடனே தனியாகக் கிளம்பிப் போகாதீர்கள். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது தேவையில்லாதபோது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 35(3) பிரிவின் கீழ் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் முறையான நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். வீடியோ அழைப்பில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று யாராவது மிரட்டினால் அழைப்பைத் துண்டியுங்கள். அப்படி ஒன்று சட்டத்திலேயே கிடையாது.

பெரிய தவறு ஸ்டேஷனுக்குள் நடப்பது: கேட்டவுடன் போனைத் திறந்து நீட்டிவிடுவது. அந்தப் போனில் உங்கள் பதிவு மட்டுமா இருக்கிறது? மனைவியோடு பேசியது, மருத்துவர் அனுப்பிய அறிக்கை, வங்கி விவரம், நண்பர் நம்பிச் சொன்ன ரகசியம் எல்லாம் இருக்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னது இந்தப் போனுக்கும் பொருந்தும். போலீஸ் போனைப் பறிமுதல் செய்யலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் மாடல், ஐஎம்இஐ எண் (போனின் தனி அடையாள எண்) எல்லாம் எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போட்ட மகஜர், அதாவது பறிமுதல் பதிவு, வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்வேர்டைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகத் தீர்ப்பளித்திருக்கின்றன. ஆகவே 'வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று பணிவாகச் சொல்லலாம், அது குற்றமில்லை. தகவலைத் திறந்து காட்டச் சொல்லி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின் கீழ் வரும் உத்தரவு வேறு. பொதுவாக உள்துறைச் செயலாளர் மட்டத்தில் பிறப்பிக்கப்படும் அதை மீறினால் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. யார் கேட்கிறார்கள், எந்தப் பிரிவில் கேட்கிறார்கள் என்று தெரியாமல் கொடுப்பதும் மறுப்பதும் ஆபத்து.

பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். வழக்கு வந்த பிறகு அழித்தால் சாட்சியத்தை மறைத்த குற்றமும் சேரும். நீங்கள் எந்தச் சூழலில் அப்படி எழுதினீர்கள் என்று காட்டும் முழு உரையாடலும் கூடவே போய்விடும்.

இதே பயத்தால் பாதிக்கப்பட்டவர்களும் வாயை மூடிக்கொள்வதுதான் மனதை மிகவும் வருத்துகிறது. அந்தரங்கப் படம் பரவினால், நம் போனையே துருவுவார்களோ என்று பெண்கள் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள். இதைத் தண்டிக்க அதே சட்டத்தில் 66ஈ பிரிவு இருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, படம் வெளியான தளத்தின் குறைதீர் அலுவலருக்கு நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ எழுதினாலே போதும், படத்தை எடுத்தாக வேண்டும். விதிகள் வந்தபோதே 24 மணி நேரம்தான் கெடு. எஃப்.ஐ.ஆர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம், ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு பழைய போனை விற்றுவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு நீதிமன்றம் சான்றிதழ் கேட்கும், அதற்கு அந்த போன் தேவைப்படும்.