போஸ்ட்கிரெஸ்ல மானிட்டரிங் யூசருக்கு ஸ்கிரிப்ட்லயே ரைட்ஸ் குடுக்கிறது எப்படி

நம்ம காரைக்குடி பக்கம் சேலைக்கடை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைன்னு பில்லிங் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஓடுற இடத்துல, அது எப்படி ஓடுதுன்னு கவனிக்கிற மானிட்டரிங் டூல் மாட்டச் சொன்னா, பசங்க நேரா எல்லா ரைட்ஸும் இருக்குற சூப்பர்யூசரையே தூக்கி குடுத்துர்றாங்க, ஏன்னா அதுல எர்ரரே வராது பாருங்க. வேணாங்க. வளவுல நின்னு யார் வர்றா போறான்னு பாக்குறவருக்கு உள் அறை சாவி எதுக்கு?

2017ல வந்த 10வது வெர்ஷன்லேருந்து இதுக்குன்னே பிஜி_மானிட்டர்னு ஒரு ரோல், அதாவது ரைட்ஸைச் சேத்து வச்ச ஒரு குரூப்பு, உள்ளயே இருக்கு. செட்டிங்ஸ், ஸ்டாட்ஸ் எல்லாம் படிக்கும், பில் டேபிளை நீங்களா தனியா குடுக்காத வரைக்கும் தொட முடியாது.

ரெண்டு ஃபைல் போட்டுக்கங்க. நோட்டம்ங்கிறது டூலுக்கு நாம வைக்கிற யூசர் பேர். முதல் ஃபைல்ல கிரியேட் ரோல் நோட்டம், கூடவே லாகின், கனெக்ஷன் லிமிட் 5. ரெண்டாவதுல கிராண்ட் பிஜி_மானிட்டர் டூ நோட்டம், அம்புட்டுதான். ஏன் ரெண்டா பிரிக்கணும்னா கிரியேட் ரோலுக்கு, ஏற்கனவே இல்லைன்னா மட்டும் உண்டாக்குன்னு சொல்ற இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ் கிடையாது, மறுபடி ஓட்டுனா எர்ரர் அடிக்கும், கிராண்டை எத்தனை தடவை ஓட்டுனாலும் சும்மா ஒரு நோட்டீஸ் குடுத்துட்டு போயிரும்.

பாஸ்வேர்டை ஃபைல்ல எழுதவே எழுதாதீங்க. போஸ்ட்கிரெஸுக்கு கமாண்ட் அடிக்கிற புரோகிராமான பிஎஸ்க்யூஎல் உள்ள போயி பேக்ஸ்லாஷ் பாஸ்வேர்ட் நோட்டம்னு அடிச்சா அதுவே கேக்கும், நம்ம பக்கமே என்கிரிப்ட் பண்ணித்தான் அனுப்பும், சர்வர் லாக்ல பச்சையா விழாது.

ஃபைலை பிஎஸ்க்யூஎல்ல ஓட்டும்போது ஹைபன் எஃப் போட்டு ஃபைல் பேர், அதோட ஹைபன் வி போட்டு ஆன்_எர்ரர்_ஸ்டாப் ஈக்வல் 1, இதை மறந்தா நடுவுல ஒரு வரி ஃபெயில் ஆனாலும் அடுத்த வரிக்கு போயிட்டு கடைசில எக்ஸிட் கோடு 0ன்னு வரும், நேரம் வச்சு தானா ஓட்டுற கிரான் ஜாபும் எல்லாம் சரியா நடந்துச்சுன்னு நம்பிக்கிட்டு கெடக்கும். போட்டா 3ன்னு வந்து நின்னுரும்.

அப்புறம் யார் எங்கேருந்து கனெக்ட் ஆகலாம்னு சொல்ற பிஜி_ஹெச்பிஏ ஃபைல்ல டூல் இருக்குற மெஷினோட ஐபிக்கு மட்டும் ஒரு வரி. மேலேருந்து முதல்ல எது பொருந்துதோ அதான் செல்லும், அதனால பொதுவான வரிக்கு மேல போடுங்க, ரீலோடும் பண்ணிருங்க.

நோட்டமா லாகின் பண்ணி, இப்ப யார் என்ன க்வெரி ஓட்டுறாங்கன்னு காட்டுற பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி பாருங்க. அடுத்தவங்க க்வெரி இருக்குற எடத்துல இன்சஃபிஷியண்ட் பிரிவிலேஜ்னு வந்தா கிராண்ட் ஓடலை. ஓடிருச்சுன்னா க்வெரி தெரியும், அதுக்குள்ள கஸ்டமர் போன் நம்பர் இருந்தா அதுவும் சேந்துதான் தெரியும், அதனால டூல் ஸ்க்ரீனை யார் பாக்குறாங்கன்னு கடைக்காரர்கிட்ட முன்னாடியே பேசிக்கங்க. டூலை மாத்துனா ரிவோக் பிஜி_மானிட்டர் ஃப்ரம் நோட்டம்.