ஒகேனக்கல் போனால் அருவியோடு திரும்பிவிடாதீர்கள்

ஒகேனக்கல் போகிறவர்கள் பெரும்பாலும் எண்ணெய்க் குளியல், அருவி, மீன் வறுவல் என்று முடித்துக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். அருவிக்குக் கீழே காவிரி பாறையை அறுத்துக்கொண்டு போகிற பள்ளத்தைப் பார்க்காமல் வந்தால் பாதி ஒகேனக்கல்லைக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

முதலில் நீர்வரத்தைப் பாருங்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் அளக்கிற கன அடிக் கணக்கு செய்தியில் வரும். வரத்து கூடினால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடுவார்கள். வெள்ளம் வடிந்து ஆறு நிதானமாக ஓடும்போதுதான் பாறைகளும் வெளியே தெரியும்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். மாந்தோப்பும் கேழ்வரகுக் காடும் கடந்து, பென்னாகரம் தாண்டி ரோடு மலையிறங்குவதைக் கவனித்தால், ஆறு எவ்வளவு கீழே ஓடுகிறது, மேட்டுக்காட்டுக்கு அது ஏன் தானாக ஏறி வராது என்பது புரியும். காவிரி மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியும் நம் சனம் ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரைக் குடித்து, பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக எத்தனையோ வருஷம் கிடந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்த பிறகுதான் காவிரித் தண்ணீர் குழாயில் மேலே ஏறியது.

சரி, இனி பரிசல். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள், ஏறிய பிறகு எழுந்து நிற்காதீர்கள். பள்ளத்துக்குள் போனதும், "அண்ணே, பாறையோரமாக் கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று பரிசல்காரரிடம் கேளுங்கள். வழவழவென்று உரல் மாதிரிக் குழிகள் தெரியும். சுழலில் மாட்டிக்கொண்ட கூழாங்கல் ஒரே இடத்தில் உருண்டு உருண்டு தோண்டியது அது. இந்தப் பகுதியில் கார்பனடைட் என்ற அபூர்வமான பாறையும் உண்டு. பூமிக்கு அடியிலிருந்து உருகிய குழம்பாக வந்து உறைந்தது, ஆனால் சுண்ணாம்புக்கல்லைப் போல கார்பனேட் நிறைந்தது, வயது சுமார் 240 கோடி ஆண்டு. அப்படியே திரும்பி அருவியைப் பாருங்கள், திவலை புகையாக எழும். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

அப்புறம், திரும்பும் வழியில் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. இந்த வறண்ட சீமையில் மாடுதான் சொத்து. அந்த மாடுகளை மீட்கப் போய் விழுந்தவர்களுக்கு நட்ட நடுகற்களை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, வேறு நாளாகக் கிளம்புங்கள்.