முன்கண்ணாடியில் விழுந்த சிறு விரிசல்

முன்னால் சென்ற லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த சரளைக்கல் ஒன்று, என் காரின் முன்கண்ணாடியில் நட்சத்திர வடிவில் சிறு விரிசலை ஏற்படுத்தியது. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது என்பதாலும், வெளித்தகடு மட்டுமே சேதமடைந்திருந்ததாலும், முழுவதையும் மாற்றாமலேயே சரிசெய்ய முடிந்தது. ஈரமும் தூசியும் உள்ளே புகுந்தால், விரிசலை நிரப்பப் பயன்படும் பிசின் சரியாகப் பிடிக்காது. ஆகவே அன்றே அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டிவைத்தேன். மறுநாள் மெக்கானிக் விரிசலிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, பிசினை அழுத்தத்துடன் செலுத்தி, புற ஊதா விளக்கால் இறுகச் செய்தார். மங்கலான தழும்பு இன்னும் தெரிகிறது. அது அடியோடு மறையும் என்று எதிர்பார்த்தது என் பிழைதான். விரிசல் ஓட்டுநரின் நேர்ப்பார்வையிலோ கண்ணாடியின் விளிம்பிலோ விழுந்திருந்தால் கண்ணாடியையே மாற்றியிருப்பேன். திடீர் வெப்ப மாற்றத்தால் விரிசல் பரவக்கூடும் என்பதால், வெயிலில் காய்ந்த கண்ணாடியின் மீது குளிர்ந்த நீரை ஊற்றிக் கழுவும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.