தோட்டத்தில் தானாக முளைத்த செடி எது? கண்டுபிடிக்கும் முறை

தெரியாத செடி ஒன்று கண்ணில் பட்டதும் கை போனைத்தான் தேடும். தேடட்டும், ஆனால் கடைசியில். மேலோட்டமான இலை வடிவத்தை நம்பினால் ஏமாற்றம்தான். இலையின் அடிப்பக்கமும் கணுவும் அதைவிட நிறையச் சொல்லும்.

படி 1: இலையைத் திருப்புங்கள்

முதலில் அது பெரணியா (ஃபெர்ன்) என்று பாருங்கள். பெரணிக்குப் பூ கிடையாது, விதையும் கிடையாது. அது பரவுவது ஸ்போர் என்னும் தூள் போன்ற நுண்துகளால்தான். முதிர்ந்த இலையின் அடியில் பழுப்பு நிறப் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் அவை ஸ்போர்ப் பைகளின் கூட்டம். இதைப் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. செதில் பூச்சிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டியிருக்கும், தண்டிலும் இருக்கும். ஸ்போர்ப் புள்ளிகள் நரம்பையோ விளிம்பையோ ஒட்டி ஒழுங்காக அமைந்திருக்கும். எல்லா இலையிலும் வராது என்பதால் இரண்டு மூன்று இலைகளைப் புரட்டிவிடுங்கள்.

புள்ளிகள் அமைந்த விதமே எந்தப் பெரணி என்பதைக் காட்டும். விளிம்போடு நீளமாக ஓடும் கோடு என்றால் டெரிஸ் வகையாக இருக்கலாம். இலை விளிம்பே மடிந்து ஸ்போரை மூடியிருக்கிறதா, காம்பும் கறுப்பாக மினுங்குகிறதா? அடியாண்டம். நடு நரம்பின் இரு பக்கமும் வட்டப் புள்ளிகள் வரிசைகட்டினால் நெஃப்ரோலெபிஸாக இருக்க நல்ல வாய்ப்பு.

அஸ்பாரகஸ் ஃபெர்ன் பெயரில் மட்டும்தான் பெரணி. அதில் சிறு வெள்ளைப் பூவும் பிறகு காயும் வரும். மாறாக, நாலு இலை கொண்ட ஆரைக்கீரை பெரணி இனம்தான்!

படி 2: புதர்ச்செடி என்றால் கணுவைப் பாருங்கள்

முதலில் எது ஒரு இலை என்று முடிவு செய்ய வேண்டும். இலைக்காம்பு தண்டில் சேரும் கக்கத்தில் சின்ன மொட்டு இருக்கும். ஓர் இலையே பல துண்டுகளாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொரு துண்டும் சிற்றிலை, முழுவதும் சேர்ந்து கூட்டிலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. ரோஜாவில் ஐந்தாறு இலைகளாகத் தெரிவது உண்மையில் ஒரே கூட்டிலை.

சரி, அடுத்து இலை அடுக்கு. செம்பருத்தியில் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி வரும். இட்லிப்பூச் செடியில் எதிரெதிராக இரண்டு, அரளியில் பெரும்பாலும் மூன்று மூன்றாக. இந்த ஒரு விஷயமே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

படி 3: பாலும் வாசனையும்

கையுறை போட்டு ஓர் இலையைக் கிள்ளுங்கள். எருக்கு, நந்தியாவட்டை போல வெள்ளைப் பால் கசிந்தால் கண்ணருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். பால் இல்லையென்றால் கசக்கி முகரலாம். சதுரத் தண்டும் எதிரடுக்கு இலையும் காட்டமான வாசனையும் சேர்ந்தால் உண்ணிச்செடியைச் சந்தேகிக்கலாம். சுவைத்து மட்டும் பார்க்க வேண்டாம். அரளி முழுவதுமே விஷம்.

படி 4: இப்போது போனை எடுங்கள்

முழுச் செடி, இலையின் இரு பக்கம், கணு, பூ அல்லது காய் என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். செடியை அடையாளம் காட்டும் செயலிகளில் ஒன்றான பிளாண்ட்நெட்டில் எந்த உறுப்பின் படம் என்று குறிப்பிடலாம். ஐநேச்சுரலிஸ்ட் என்ற இன்னொரு செயலியில் மற்றவர்களும் பார்த்துத் திருத்துவார்கள். செயலி சொல்லும் பெயரை நீங்கள் குறித்துவைத்த அடையாளங்களோடு ஒப்பிடுங்கள். எதிரடுக்குச் செடிக்கு அது செம்பருத்தி என்று சொன்னால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். பூக்காத புதருக்குப் பேரினம்வரை (நெருங்கிய வகைகள் அடங்கிய குழு) தெரிந்தாலே போதும், மீதியைப் பூ வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.