ஆமை சாப்பிடவில்லையா? முதலில் தண்ணீரில் கையை விட்டுப் பாருங்கள்

எங்கள் வீட்டு ஆமை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்டிருக்குமே அந்த வகை, போன மார்கழியில் பதினோரு நாள் எதையும் தொடவில்லை. எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்தில் அப்போது விடிகாலைக் குளிர் எலும்பு வரை இறங்கும். அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) மனசு கேட்கவில்லை. "வாயே தொறக்க மாட்டேங்குது கண்ணு, ரெண்டு சொட்டுப் பாலாவது ஊத்தி உடு" என்றார். நானும் இங்க் ஃபில்லரோடு போய் உட்கார்ந்துவிட்டேன். நல்ல வேளை, அது கடைசி வரை வாயைத் திறக்கவில்லை.

ஆமைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்கை ஒட்டியே இருக்கிறது. நாம் ஊற்றுவது நேராக நுரையீரலுக்குப் போனால் நம்மைப் போல இருமி வெளியே தள்ள அதனால் முடியாது. பால் அதற்குச் செரிக்கவும் செரிக்காது. குழாய் போட்டு ஊட்ட வேண்டி வந்தாலும் அது மருத்துவர் கையால் நடக்க வேண்டியது.

அது ஏன் சாப்பிடவில்லை என்றால், குளிர். ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். இந்த வகைக்குத் தொட்டித் தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும், 20-க்குக் கீழே போனால் பசி அடங்கிவிடும், அந்த நிலையில் கட்டாயப்படுத்தி எதையாவது உள்ளே தள்ளினாலும் செரிக்காமல் குடலிலேயே கிடந்து கெட்டுப்போகும். அதனால் முதலில் சூடு, சாப்பாடு அதற்கு அப்புறம். மீன் தொட்டிக்குப் போடும் ஹீட்டரும் ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிப் போட்டேன். தண்ணீர் 27-இல் நின்ற நான்காம் நாள், நீட்டிய மண்புழுவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

சூடு என்றதும் வெந்நீரில் போடுவது, மத்தியான வெயிலில் நிழலே இல்லாமல் வாளியோடு வைப்பது இரண்டும் ஆளையே முடித்துவிடும். காலை வெயில், பாதி நிழல், அதுவே தானாக நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். மூடிய கண்ணாடி ஜன்னலோரம் வைத்துவிட்டு வெயில் படுகிறதே என்று நினைக்காதீர்கள். ஓட்டுக்கும் எலும்புக்கும் வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

உடம்பு சரியில்லை என்று அட்டைப்பெட்டியில் துணி விரித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் தீனி போடுகிறவர்கள் நிறையப் பேர். நீர் ஆமை தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்கும். வெளியே வைத்துவிட்டு சாப்பிடவில்லையே என்று வருத்தப்பட்டால் எப்படி?

கண் வீங்கி மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாதக்கணக்கில் காய்ந்த இறால் மட்டுமே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும், தீனி எதிரிலேயே கிடந்தாலும் தெரியாது. தேறிய பிறகு ஆமைத் தீனியோடு மஞ்சள் பூசணி, கேரட், கீரை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஆனால் வைட்டமின் சொட்டு மருந்தை அளவு தெரியாமல் நீங்களாகக் கொடுக்க வேண்டாம், அது கூடினாலும் ஆபத்து.

இதைவிடப் பெரிய பயம் எனக்கு ஐவர்மெக்டின். நம்ம பக்கம் மாடு, நாய் வைத்திருக்கும் தோட்டத்து வீடுகளில் உண்ணிக்கும் பூச்சிக்கும் வாங்கிய பாட்டில் ஒன்று எப்படியும் கிடக்கும். "பூச்சியாத்தான் இருக்கும், ஒரு சொட்டு உடுங்க" என்று யாராவது சொல்வார்கள். ஆமைக்கு அது விஷம், உடம்பு செயலிழந்து செத்துப்போகும். ஒரு துளி கூட வேண்டாம்.

பெட்டை ஆமை பின்னங்காலால் தோண்டிக்கொண்டே, தீனியை விட்டு அலைந்தால் முட்டையாக இருக்கலாம். ஆண் ஆமை கூட இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், இல்லாமலும் முட்டை வைக்கும். மண் வைத்துக் கொடுங்கள், அப்படியும் இடவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

"ஆமைதானே, எத்தன நாள் வேணாலும் பட்டினி கெடக்கும்" என்று காத்திருப்பதும் தவறு. பெரிய ஆமை சில வாரம் தாங்கும், குட்டி தாங்காது. சமையலறைத் தராசில் எடை போட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள், இறங்கிக்கொண்டே போனால் கிளம்பிவிட வேண்டும். மூக்கில் நுரைக் குமிழ், வாயைத் திறந்து மூச்சு, ஒருபக்கம் சாய்ந்து மிதப்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே. இந்தப் பக்கத்துக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உள்ளூரில் போவதானால் ஆமை பார்ப்பார்களா என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள்.

கீழ்பவானி வாய்க்காலில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று மட்டும் நினைக்காதீர்கள். இது அமெரிக்க நாட்டு ஆமை. நோயோடு விட்டால் சாகும், பிழைத்தால் நம் ஊர் ஆமைகளின் இடத்தைப் பிடிக்கும். வீட்டில் இருப்பது நட்சத்திர ஆமை என்றால் கதை வேறு, 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம், வனத்துறையிடம் சொல்லிவிடுவதுதான் அதற்கும் நல்லது.

மருத்துவரிடம் கொண்டுபோகும்போது தொட்டியோடு தூக்காதீர்கள். ஓட்டை போட்ட டப்பாவில் ஈரத்துண்டு விரித்தால் போதும். தண்ணீர் நிரப்பினால், பஸ் குலுங்கும்போது சோர்ந்த ஆமை தலையைத் தூக்க முடியாமல் அதிலேயே மூழ்கிவிடும்.