ஐபி = பிஸ்பேஸ் படிக்கிறப்ப எல்லாரும் (நானும்தான்) சறுக்குற இடங்கள்

போன சனிக்கிழமை சிங்கப்பூர் தேக்கால டிஷ்யூ பாக்கெட் போட்டு சோப் பண்ணின (இடம் புடிச்சு வச்ச) மேசைல உக்காந்து ஜூனியர் தம்பி ஒருத்தனுக்கு சம்-செக் (ஒரு பெரிய கூட்டுத்தொகை சரிதானான்னு முழுசா கூட்டாமலே கேள்வி கேட்டு சோதிக்கிற முறை) சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். அதே பாக்கெட்ல ஒரு டிஷ்யூவ உருவி அவன் எழுதின முதல் வரியே தப்பு. யூனில ரெண்டாம் வருஷம் அதே தப்புக்கு எனக்கும் மார்க் போச்சு, அதான் டைப் பண்றேன்.

ஆட்டம் தெரியும்ல? ஒரு விஷயம் உண்மைதான்னு ப்ரூவர் (நிரூபிக்கிறவன்) வெரிஃபையர (சரிபார்க்கிறவன) கேள்வி-பதில்லயே நம்ப வைக்கணும். ப்ரூவர் எவ்வளவு பெரிய கணக்கும் போடுவான், ஆனா அவன நம்ப முடியாது. வெரிஃபையருக்கு பாலினாமியல் நேரம்தான் (கேள்வியோட நீளத்துக்கு ஏத்த அளவான நேரம்), கூட சுண்டிப் பாக்க ஒரு நாணயம். 1985-ல கோல்ட்வாசர், மிக்காலி, ராக்கொஃப் ஒரு பக்கம், பாபாய் இன்னொரு பக்கம்னு தனித்தனியா இதை ஆரம்பிச்சாங்க. 1989 கடைசில ஷமீர் வந்து, இப்படி நிரூபிக்க முடியுறது எல்லாமும் (இதான் ஐபி) பாலினாமியல் மெமரிக்குள்ள போட முடியுற கணக்கு எல்லாமும் (இதான் பிஸ்பேஸ்) ஒண்ணுதான்னு காட்டிட்டாரு.

முதல்ல எல்லாரும் நினைக்கிறது, மாத்தி மாத்தி பேசுறதாலதான் பவர் வருதுன்னு. இல்லவே இல்ல. நாணயத்த புடுங்கிட்டா வெரிஃபையர் அடுத்து என்ன கேப்பான்னு ப்ரூவரே வீட்டுல உக்காந்து கணக்கு போட்டு மொத்த உரையாடலையும் எழுதி ஒரே கவர்ல போட்டு நீட்டிடலாம், அது வெறும் என்பி (எழுதிக் குடுத்த நிரூபணத்த வேகமா சரிபார்க்க முடியுற கணக்குகள்), அவ்ளோதான். தப்பான விஷயத்த ஒரு தடவகூட ஏத்துக்கவே கூடாதுன்னு சொன்னாலும் அதே என்பி. அந்த சின்ன ஏமாறுற சான்ஸ விட்டுக் குடுத்தாதான் ஆட்டம் பெருசாகும். (உண்மைய எப்பவுமே ஏத்துக்கணும்ங்கிற பக்கம் பிரச்சனை இல்ல, அதுக்கு எந்த நஷ்டமும் வராது.)

ஐபி பிஸ்பேஸுக்குள்ள அடங்கும்ங்கிற பாதி சுலபம்னு பரீட்சைல ரெண்டு வரில முடிச்சிடுறாங்க, அங்கயும் மார்க் போகும். உரையாடல் எப்படியெல்லாம் போகலாம்னு கிளை கிளையா வரைஞ்சா அந்த மரம் எக்ஸ்பொனென்ஷியல் சைஸ் (ரொம்பப் பெருசு), ஆனா ஆழம் பாலினாமியல்தான், ஒரு கிளைய முடிச்சுட்டு அதே இடத்த அழிச்சு அடுத்த கிளைக்கு எடுத்துக்கலாம். வெரிஃபையர் ஏத்துக்கிற சான்ஸ கீழருந்து கணக்கு போடுறப்ப, ப்ரூவர் முறைல பெரிய மதிப்ப எடுக்கணும், வெரிஃபையர் முறைல சராசரி. ரெண்டு இடத்துலயும் பெரிசையே எடுத்தா வெரிஃபையரோட நாணயமும் ப்ரூவர் சொன்னபடி விழுற மாதிரி ஆயிடும்.

சரி, டிஷ்யூவுக்கு வருவோம். பொய்ய 0-ன்னும் உண்மைய 1-ன்னும் வச்சு ஃபார்முலாவ பாலினாமியலா மாத்தி, எல்லா இடத்துலயும் கூட்டினா எத்தன விதத்துல உண்மையாகும்னு வரணும். "எக்ஸ் அல்லது ஒய்", இது எத்தன விதத்துல உண்மையாகும்? 3. தம்பி "அல்லது"ன்னா கூட்டல்னு எக்ஸ் + ஒய் போட்டான், நாலு இடத்துலயும் கூட்டினா 0, 1, 1, 2, மொத்தம் 4. ரெண்டுமே உண்மையா இருக்கிற இடத்த ரெண்டு தடவ எண்ணிட்டான். சரியான பாலினாமியல் எக்ஸ் + ஒய் − எக்ஸ்·ஒய்.

இப்ப ப்ரூவர் வேணும்னே "4"ன்னு பொய் சொல்றான்னு வைங்க, கணக்கு 101-ஆல வகுத்த மீதில. ஒய்ய கூட்டி முடிச்சா உண்மையான பாலினாமியல் எக்ஸ் + 1. அவன் 2எக்ஸ் + 1 அனுப்புறான், 0-லயும் 1-லயும் போட்டா 1 + 3 = 4, பொய்க்குப் பொருந்துது. ஆனா ரெண்டு நேர்கோடும் எக்ஸ் = 0-ல மட்டும்தான் சேரும், அதனால வெரிஃபையர் 101 நம்பர்ல ஒண்ண கண்ண மூடிட்டு எடுத்து அங்க மதிப்பு சரியான்னு பாத்தா தப்பிக்க அவனுக்கு 101-ல ஒரு சான்ஸ்தான். எடுக்கிற நம்பர் 0 அல்லது 1 மட்டும்தான்னு வச்சீங்கன்னா பாதிக்குப் பாதி தப்பிச்சிடுவான். ஃபீல்டு (நம்பர் எடுக்கிற கூட்டம், இங்க 101) ஏன் பெருசா வேணும்னு கேக்குறவங்களுக்கு இதான் பதில். நிஜத்துல 101 எல்லாம் பத்தாது, எண்ணிக்கையே அதத் தாண்டிடும்ல.

இதவிட மோசம் நம்பர முன்னாடியே சொல்லிடுறது. "நான் 5 எடுக்கப் போறேன்"னு வாய விட்டா அவன் 57எக்ஸ் + 24 அனுப்புவான். 0-ல 24, 1-ல 81, கூட்டினா 105, மீதி 4. 5-ல போட்டா 309, மீதி 6, உண்மையான எக்ஸ் + 1-உம் அங்க 6 தான். மாட்டவே மாட்டான். ப்ரூவர் பாலினாமியல கைய விட்டு குடுத்த அப்புறம்தான் நாணயம் சுண்டணும், சம்-செக்ல நான் திருத்தின கோட்ல பாதிக்கு மேல இந்த வரிசைல தான் சொதப்பியிருக்கு.

எண்ணுற கணக்குக்கு லுண்ட், ஃபோர்ட்னோ, கார்லாஃப், நிசான் போட்ட இந்த வழிய அப்படியே, பிஸ்பேஸுக்கு வேணும்ங்கிற "எல்லா எக்ஸுக்கும், ஏதாவது ஒய்க்கு"ன்னு போற ஃபார்முலாவுக்கு தூக்கிட்டுப் போனா அடுத்த குழி. "எல்லா"ங்கிறது பெருக்கல், ஒவ்வொரு தடவையும் டிகிரி (பாலினாமியல்ல வர்ற பெரிய அடுக்கு) ரெட்டிப்பாகும், கடைசில அனுப்பவே முடியாத நீள பாலினாமியல். ஷமீர் அதுக்காக ஃபார்முலாவையே மாத்தி எழுதினாரு. பின்னாடி ஷென் காட்டின வழி எனக்குப் புடிச்சது, 0, 1-ல எக்ஸ் வர்க்கமும் எக்ஸும் ஒண்ணுதானே, அப்ப டிகிரிய நடுநடுவுல ஒண்ணாக்கிடலாம். ஆனா அது ஓசில நடக்காது, ஒவ்வொரு இறக்கத்துக்கும் தனி ரவுண்டு, புது நம்பர். பழைய நம்பரையே திரும்ப யூஸ் பண்ணினா மறுபடியும் 57எக்ஸ் + 24 கதைதான்.

வெரிஃபையருக்கு குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா ஐபி பெருசாகும்னும் ஒரு நம்பிக்கை இருக்கு. 2009-ல நம்ம என்யூஎஸ்ல (சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகம்) இருந்து ராகுல் ஜெயினும், ஜி, உபாத்யாய், வாட்ரஸும் சேர்ந்து அதுவும் பிஸ்பேஸ்தான்னு முடிச்சிட்டாங்க. கூடுதல் பவர் வேணும்னா ஒருத்தரோட ஒருத்தர் பேச முடியாத ரெண்டு ப்ரூவர் வைக்கணும்.

தே தாரிக் (இழுத்து ஆத்துற பால் டீ) ஆறிப்போச்சு, தம்பி இன்னும் டிஷ்யூவ விடல, 5-க்கு பதிலா வேற நம்பர் சொன்னாலும் ஏமாத்த முடியுமான்னு ஒவ்வொண்ணா போட்டுப் பாக்குறான். 51-ல மாட்டிக்கிட்டான், எந்த நேர்கோடும் பொருந்தல. 101-ல 51-ங்கிறது "அரை" (ரெண்டு மடங்கு 102, மீதி 1), 0-க்கும் 1-க்கும் சரியா நடுவுல, அங்க நேர்கோட்டோட மதிப்பு எப்பவும் 0-லயும் 1-லயும் வர்ற மதிப்போட சராசரி, அதனால கூட்டினா 4 வர்ற கோடும் 3 வர்ற கோடும் அங்க சேரவே சேராது. அப்ப எப்பவும் 51-ஐயே எடுத்தா போதுமான்னு கேட்டான். முதல் ரவுண்டுல பொய் மாட்டும்டா, டிகிரி 2 வந்தா என்ன பண்ணுவன்னு கேட்டேன், இன்னொரு டிஷ்யூ எடுத்தான்.