நன்னாரிக் கொடியை அடையாளம் கண்டு வேரில் சர்பத் காய்ச்சுவது எப்படி?

நன்னாரியை நாட்டு மருந்துக் கடையில் வேர்க்கட்டாக மட்டுமே பார்த்தவர்கள் நிறையப் பேர். வேலியோரத்திலும் புதர்க்காட்டிலும் அது கொடியாக நிற்கும்போது கண்ணில் படாமலே போய்விடும். அதனால் முதலில் கொடி.

தண்டு கம்பிபோல மெலிசாகத் தரையில் படரும், இல்லையென்றால் பக்கத்துச் செடியைச் சுற்றிக்கொள்ளும். இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். கரும்பச்சை இலையின் நடுநரம்பை ஒட்டி வெள்ளிக்கோடு இழுத்தாற்போல் வெளிறியிருக்கும். கிள்ளினால் பால் வரும். இலையின் வடிவம்தான் ஆளைக் குழப்பும்: சில இலைகள் புல்போலக் குறுகலாகவும் சில அகலமாகவும் இருக்கும். காய்கள் இரண்டிரண்டாக, மெலிந்து நீண்டிருக்கும்.

பால் வடியும் கொடிகளில் நஞ்சுள்ளவையும் உண்டு. அதனால் இலையை மட்டும் நம்பாதீர்கள். அடியில் மண்ணைக் கிளறி, செம்பழுப்பு வேரை நகத்தால் லேசாகக் கீறி முகருங்கள். வெனிலாவை நினைவூட்டும் இனிய வாசம் குப்பென்று வர வேண்டும். வரவில்லையா, விட்டுவிடுங்கள். நாக்கில் வைத்துச் சோதிக்கவே கூடாது. முதல் தடவை, கொடி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது தோண்டுவது சுலபம். பக்கவேர்களில் கொஞ்சம் மட்டும் எடுத்து, மண்ணை மூடிவிடுங்கள், கொடி பிழைத்துக்கொள்ளும். மொத்தமாகப் பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் அடுத்த வருடம் ஒன்றும் இருக்காது. காப்புக்காட்டில் கை வைக்க வேண்டாம்.

வேரை நன்றாகக் கழுவி, தட்டி, நடுவில் இருக்கும் கட்டைபோன்ற நரம்பை உருவிப் போடுங்கள். வாசம் முழுக்கத் தோலில்தான். நிழலில் உலர்த்துங்கள்.

சரி, சர்பத். 50 கிராம் உலர்ந்த வேரை இடித்து, 1 லிட்டர் கொதிநீரில் போட்டு, உடனே மூடி இரவு முழுக்க ஊறவிடுங்கள். திறந்து வைத்தால் வாசம் ஆவியோடு போய்விடும். காலையில் துணியில் வடிகட்டி, 1 கிலோ சர்க்கரை சேர்த்து, விரலில் பிசுக்கென்று ஒட்டும் வரை காய்ச்சி, ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு விட்டு இறக்குங்கள். ஆறியதும் ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றுங்கள்.

ஒரு டம்ளர் பானைத் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பாகு, அரை மூடி எலுமிச்சை, ஊறவைத்த சப்ஜா விதை. சர்க்கரை நோயாளிகள் பாகைத் தவிர்க்கட்டும். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.